ஃபிளாஸ்க்குக்குள் ஐஸ்: மாதச் சுழற்சிக்கும் பருவத்துக்கும் ஏற்ற சீன உணவுமுறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் சீனப் பெண்கள். இங்கே எழுதுவது அவர்களில் ஒருவரைப் பற்றி. அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். நான் தவறவிட்டதும் இதில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் எழுதினால் இதைப் படிப்பவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

பின்னணி

ஜனவரி கடைசி வாரத்தில் முதல்முறை வந்தார். வயது 34, கணக்குத் தணிக்கை வேலை, திருமணமாகவில்லை, அம்மாவோடு வீடமைப்புப் பேட்டை அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கிறார். கன்டனீஸ் குடும்பம். வீட்டில் கருணைத் தெய்வமான குவான் யின் வழிபாடு உண்டு, அதனால் மாட்டிறைச்சி கிடையாது. சந்திர மாதத்தின் 1-ஆம் நாளும் 15-ஆம் நாளும் முழு சைவம். மருந்து எதுவும் எடுக்கவில்லை, வேறு நோயும் இல்லை என்றார்.

மூன்று குறைகள் சொன்னார். மாதவிடாயின் முதல் இரண்டு நாள் கடும் வலி, அதற்கு முந்தைய வாரம் வயிற்று உப்புசம், எப்போதும் அசதி. எல்லாவற்றுக்கும் காரணம் தன் உடம்பு குளிர்ந்து கிடப்பதுதான் என்று உறுதியாக நம்பினார். ‘கோங் ஹான்’ என்றார், அதாவது கருப்பையில் குளிர்ச்சி. சீனப் பெண்கள் மத்தியில் இது அன்றாடம் புழங்கும் சொல். பல வருஷம் மதியச் சாப்பாட்டுக்குப் பதிலாக ஐஸ் காப்பியும் சாலடும் எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அதனால் நவம்பரிலிருந்து ஒரு அட்டவணையைப் பின்பற்றி வந்தார். அதை அச்சிட்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு எடுத்து வந்திருந்தார், மேல் மூலையில் சோயா சாஸ் கறை. அதை ஒழுங்குபடுத்திக் கொடுக்க வேண்டும், வேலை நாளில் வெளியே சாப்பிடும்போது எதை எடுப்பது என்று சொல்ல வேண்டும். என்னிடம் கேட்டது இவ்வளவுதான்.

அட்டவணையில் இருந்தது என்ன

குறுக்கே நான்கு பருவம், நெடுக்கே மாதச் சுழற்சியின் நான்கு கட்டம், மொத்தம் பதினாறு கட்டங்கள்.

இந்த இரண்டு அச்சுகளும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவை. பருவத்துக்கேற்ற உணவு மிகப் பழையது. ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ என்ற ஆதி மருத்துவ நூலின் இரண்டாம் அத்தியாயமே பருவங்களைப் பற்றியதுதான். வசந்தத்திலும் கோடையிலும் யாங்கை (உடம்பின் வெப்பமும் இயக்கமும்) பேணு, இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் யின்னை (குளிர்ச்சியும் ஓய்வும்) பேணு என்கிறது. வசந்தம் கல்லீரலுக்கு, கோடை இதயத்துக்கு, இலையுதிர் காலம் நுரையீரலுக்கு, குளிர்காலம் சிறுநீரகத்துக்கு. இடையில் ஈரமான பின்கோடை மண்ணீரலுக்கு. இந்த உறுப்புப் பெயர்களை அப்படியே இன்றைய உடற்கூறியல் உறுப்புகளாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அவை செயல்பாடுகளின் தொகுப்புகள். குளிர்காலத்தில் முள்ளங்கி, கோடையில் இஞ்சி சாப்பிட்டால் வைத்தியர் மருந்து எழுத வேண்டியதில்லை என்று ஒரு பழமொழி சீன வீடுகளில் இன்றும் வழங்குகிறது.

மாதச் சுழற்சியை நான்காகப் பிரிப்பது அவ்வளவு பழையதல்ல. பெண்ணின் உடம்பு ஏழேழு வருஷமாக மாறுகிறது, 14-இல் மாதவிடாய் தொடங்கி 49-இல் நிற்கிறது என்ற கணக்கு நெய்ஜிங்கிலேயே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மாதத்தையும் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு மருந்து என்று கொடுக்கும் முறை 20-ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. நான்ஜிங் நகரத்து வைத்தியர் ஷியா குய்செங் இதில் பெரிய பெயர். காலை உடல் வெப்பநிலையைக் குறித்துவைத்து, முட்டை வெளிப்பட்ட பிறகு அது ஏறுவதைப் பார்த்துக் கட்டங்களைக் கணக்கிடுவார்கள். மாதவிடாயின்போது ரத்தம் தடையில்லாமல் வெளியேற வேண்டும். முடிந்த பிறகு யின்னையும் ரத்தத்தையும் நிரப்ப வேண்டும். நடுவில் யின் யாங்காகத் திரும்பும், அதற்கு உதவ வேண்டும். கடைசி வாரம் யாங்கைத் தாங்கி, கல்லீரலின் ‘சீ’, அதாவது உயிராற்றல், அடைபடாமல் பார்க்க வேண்டும். அங்கே ஆளைப் பார்த்து, நாடி பிடித்து, அதற்கப்புறம்தான் மருந்து. இவரிடம் இருந்த அட்டவணையிலோ ஆளே இல்லை, கட்டங்கள் மட்டும்தான்.

மாதவிடாய் வரிசையில் பழுப்புச் சர்க்கரை போட்ட இஞ்சிக் கஷாயம், சூடான கஞ்சி. பச்சையானதும் குளிர்ந்ததும் கூடாது. அடுத்த வரிசையில் ரெட் டேட்ஸ், கோஜி என்ற சிறு சிவப்புப் பழம், கறுப்பு உளுந்து போலிருக்கும் சீனக் கறுப்பு பீன்ஸ், முட்டை, கூடவே ‘ஸி வூ தாங்’ என்ற மூலிகைக் கஷாயம். நடுக் கட்டத்தில் ரோஜா மொட்டுத் தேநீர். கடைசிக் கட்டத்தில் காய்ந்த ஆரஞ்சுத் தோல், வால்நட். (ரெட் டேட்ஸ் என்று சொல்கிறோமே தவிர அது பேரீச்சையே இல்லை, நம் ஊர் இலந்தையின் நெருங்கிய உறவு.)

ஸி வூ தாங் என்றால் நான்கு பொருள் கஷாயம்: டாங் குவெய் என்ற மூலிகை வேர், ச்சுவான் ஷியோங், வெள்ளை பியோனி வேர், பதப்படுத்திய ரெமானியா கிழங்கு. சோங் வம்சத்து அரசு மருந்து நூலிலேயே இருக்கும் பழைய கலவை. இங்கே மருந்துக் கடைகளில் பொட்டலமாகவும் மாத்திரையாகவும் கிடைக்கிறது, யாரும் வாங்கலாம். இவருடைய அம்மா பொட்டலமாக வாங்கி, கறுங்கோழியோடு மண்சட்டியில் கொதிக்கவைத்துக் கொடுத்து வந்தார்.

முதல் சந்திப்பில் எடுத்த முடிவுகள்

அவர் கேட்ட முதல் கேள்வியே நல்ல கேள்வி. கோடைக் கட்டத்தில் பச்சைப்பயறு சூப்பும் தர்பூசணியும் போட்டிருக்கிறது, மாதவிடாய் வரிசையில் குளிர்ச்சி கூடாது என்றும் போட்டிருக்கிறது, இரண்டும் சேர்ந்து வந்தால் எது செல்லும்? அதோடு இன்னொன்று. டிசம்பர் குளிர்காலம் என்பதால் டாங் குவெய், இஞ்சி போட்ட ஆட்டிறைச்சி சூப்பை வாரம் மூன்று தடவை குடித்திருக்கிறார். இது ஹான் காலத்து வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங் எழுதிவைத்த சூப், பனி கொட்டும் ஊரில் குடித்தால் உடம்புக்கு இதமாகத்தான் இருக்கும். சிங்கப்பூரில் மாதச் சராசரி வெப்பம் ஆண்டு முழுக்க 2 டிகிரி அளவுக்குத்தான் ஏறி இறங்கும். டிசம்பரில் மழை உண்டு, குளிர்காலம் கிடையாது. அவருக்கு வாயில் புண் வந்து, உடம்பு சூடாகிவிட்டது என்று அம்மா சாமந்திப் பூ தேநீர் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒரே வாரத்தில் சூட்டுக்கு ஒன்று, குளிர்ச்சிக்கு ஒன்று.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சின்சே இருக்கிறார், பதிவு பெற்ற சீன வைத்தியர். அவரிடம் போய்க் கேட்டேன். ஆள், காலம், இடம் மூன்றையும் பார்த்துத்தான் உணவு, இது எங்கள் படிப்பின் முதல் பாடம், அட்டவணை போட்டவர்கள் இடத்தை விட்டுவிட்டார்கள் என்றார். இங்கே ஈரமும் வெக்கையும்தான் பருவம், வடசீனக் குளிர்காலத்தை இங்கே சமைக்காதே என்றும் சொன்னார். ஆக, பருவ அச்சை எடுத்துவிட்டோம். மழை மிகுந்த மாதங்களில் சூப்பும் கஞ்சியும் கொஞ்சம் கூட, மற்ற மாதங்களில் சந்தையில் எது புதிதாக வருகிறதோ அது. அவ்வளவுதான்.

மாதச் சுழற்சி வரிசைகளை வைத்துக்கொண்டோம். எனக்கு அதில் மறுப்பு இல்லை. இஞ்சிக்கு மாதவிடாய் வலியைக் குறைக்கும் தன்மை உண்டு என்று காட்டும் மருத்துவ ஆய்வுகள் இருக்கின்றன, ஒரு நாளைக்கு 750 முதல் 2000 மி.கி. இஞ்சிப் பொடியை முதல் மூன்று நான்கு நாளுக்குக் கொடுத்துப் பார்த்தவை. அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடமும் கைகொடுக்கும். மதியம் சாப்பிடாமல் இருந்த பெண் சூடான சோறு, கீரை, முட்டை சாப்பிடப் போகிறார் என்றால் எந்தப் பெயரில் சாப்பிட்டால் என்ன? ஐஸ் காப்பியை நிறுத்தச் சொன்னேன். வயிற்றைச் சும்மா போட்டுவிட்டு அதைக் குடிக்கிறார் என்பதுதான் என் கவலை, அவருக்கோ அது குளிர்ச்சி. இரண்டு பேரும் வேறு வேறு காரணத்துக்காக ஒரே முடிவுக்கு வந்தோம், எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

நான் கேட்காமல் விட்ட கேள்வி: எவ்வளவு ரத்தம் போகிறது? மாதவிடாய் எத்தனை நாள் என்று கேட்டேன், ஏழு எட்டு நாள் என்றார். எழுதிக்கொண்டேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

பிப்ரவரி, மார்ச்: நன்றாகப் போவதுபோல் தெரிந்தது

முதல் மாதத்திலேயே வலி குறைந்துவிட்டது. நோட்டில் வலிக்குப் பத்துக்கு எட்டு போட்டுக்கொண்டிருந்தவர் ஐந்து போட்டார், அப்புறம் நான்கு. உப்புசமும் குறைந்தது. அவர் அம்மா எனக்குச் சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழங்கள் கொடுத்தனுப்பினார்.

அசதி மட்டும் குறையவில்லை. மார்ச் நோட்டில் ஒரு வரி இருந்தது: ‘ரயில் நிலையத்து மேம்பாலப் படி. பாதியில் நின்றேன்.’ தணிக்கை வேலை குவியும் மாதங்கள், தூக்கம் ஐந்து மணி நேரம், அதனால்தான் என்று நானும் நினைத்தேன், அவரும் நினைத்தார். ரத்தம் குறைவு என்றால் ரத்தம் நிரப்பும் சூப்பைக் கூட்டலாம் என்று அம்மா முடிவு செய்து, மாதவிடாய் முடிந்த பிறகு மட்டும் கொடுத்த ஸி வூ தாங்கை மாதவிடாய் நாட்களிலும் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அதிக ரத்தப்போக்கு இருக்கும்போது டாங் குவெய் கூடாது என்பது சீன மருத்துவத்துக்குள்ளேயே இருக்கும் எச்சரிக்கைதான். பொட்டலத்தை விற்ற கடையில் யாரும் அதைச் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை.

இன்னொன்றையும் நான் கவனிக்கத் தவறினேன். ஐஸ் காப்பியை விட்டவர் அதற்குப் பதிலாக மதியச் சாப்பாட்டோடு சூடான பூ-அர் தேநீர் குடிக்க ஆரம்பித்திருந்தார். குளிர்ச்சிக் கணக்கில் அது சரி. ஆனால் தேநீரின் துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கும்.

ஏப்ரல்: ஃபிளாஸ்க்

ஏப்ரல் நடுவில் மூன்றாம் சந்திப்பு. உட்கார்ந்ததும் பையிலிருந்து ஸ்டீல் ஃபிளாஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தார், வெந்நீரில் ரெட் டேட்ஸ் போட்டு எடுத்துவரும் ஃபிளாஸ்க் அது. வைக்கும்போது உள்ளே கலகலவென்று சத்தம். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

உள்ளே தண்ணீரே இல்லை, ஐஸ் கட்டிகள் மட்டும். மூடியில் இரண்டு கட்டியைக் கொட்டிக்கொண்டு, இனி மறைத்து என்ன பயன் என்பதுபோல் ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். நறுக் நறுக்கென்று எனக்கே கேட்டது.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். ஆறேழு மாதமாக இப்படித்தான். குடிக்க ஐஸ் தேவையில்லை, மெல்ல வேண்டும். வீட்டில் ஐஸ் தட்டு இரண்டு, ராத்திரி அம்மா தூங்கியதும் எழுந்து ஒரு தட்டைக் காலி செய்துவிட்டு, தண்ணீர் நிரப்பி மறுபடி உள்ளே வைத்துவிடுவார். அலுவலகத்தில் காப்பிக் கடைக்காரரிடம் வெறும் ஐஸ் மட்டும் வாங்குவார். “எல்லாத்தையும் ஒழுங்கா செய்றேன், இது ஒண்ணை மட்டும் விட முடியல. இதனாலதான் எனக்குச் சரியாகலைன்னு தெரியும். உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல” என்றார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில், அவர் குரலில் இருந்தது இதுதான்.

ஐஸ் மெல்லும் தீராத வேட்கை இரும்புச்சத்துக் குறைவின் மிகத் தெளிவான அடையாளங்களில் ஒன்று. படித்தது, பரீட்சை எழுதியது, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் மூன்று மாதமாக இந்த அறையில் ஐஸ் என்ற சொல் வந்தபோதெல்லாம் அது செய்யக்கூடாத ஒரு பழக்கமாகத்தான் வந்தது. நானும் ஒரு தமிழ் வீட்டில் வளர்ந்தவள். இது சூடு, அது குளிர்ச்சி, பெரிய மனுஷி ஆனதும் உளுந்தங்களி, அந்த நாட்களில் ஐஸ் தொடாதே என்ற பேச்சு எனக்கு வீட்டுப் பேச்சு. அதனால் ‘ஐஸ் கூடாது’ என்று அவர் சொன்னபோது நான் இன்னொரு கேள்வி கேட்கவே இல்லை. அவர் நோயின் காரணம் என்று நினைத்து ஒளித்துவைத்தது நோயின் அடையாளமாக இருந்தது.

கீழிமையை இழுத்துப் பார்த்தேன், உட்புறம் வெளிறிக் கிடந்தது. அப்போதுதான் கணக்கு எடுத்தேன். கடைசி மாதவிடாயில் இரண்டாம் நாள் மட்டும் ஒன்பது நாப்கின், அதில் மூன்று இரவுக்கானவை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. கட்டி கட்டியாகப் போகிறதா என்று கேட்டேன். “ரெட் டேட்ஸ் அளவு” என்றார். அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்ததாம், அதனால் இயல்பு என்று நினைத்திருக்கிறார்.

அன்றைக்கே எடுத்த முடிவுகள்

உடனே ரத்தப் பரிசோதனை என்றேன். அவர் முதலில் சின்சேயைப் பார்க்க வேண்டும் என்றார். நான் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் பரிசோதனைக்குப் போயிருக்க மாட்டார் என்று இப்போதும் நினைக்கிறேன். கீழே கூட்டிக்கொண்டு போனேன்.

சின்சே நாக்கைப் பார்த்தார், வெளுத்திருந்தது. நாடி நூல்போல் மெலிந்து ஓடுகிறது என்றார். ரத்தக் குறைவு, சீயும் ரத்தத்தைப் பிடித்துவைக்க முடியாமல் தளர்ந்திருக்கிறது. அவருடைய மொழியில் நோய் சரியாகவே பிடிபட்டது. நான் எதிர்பார்க்காதது அடுத்து அவர் செய்ததுதான். எத்தனை நாப்கின் என்று அவரும் கேட்டார், எண்ணைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நான் இன்றைக்கு உனக்கு எதுவும் எழுதப்போவதில்லை, வீட்டில் இருக்கும் டாங் குவெய் பொட்டலங்களையும் நிறுத்து, நாளைக் காலையில் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடு, முடிவைப் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்றார். அவர் சொன்னதால்தான் அந்தப் பெண் போனார்.

பரிசோதனை சொன்னது

ஹீமோகுளோபின் 7.9. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் 12. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 4, அது 15-க்குக் கீழே போனாலே சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். இரண்டு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் கருப்பையின் உள்சுவரை ஒட்டி 2.6 செ.மீ. ஃபைப்ராய்டு கட்டி. சிறியதுதான், ஆனால் உட்குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டி சிறியதாக இருந்தாலும் ரத்தப்போக்கு அதிகமாகும்.

டாங் குவெய் சூப்பால் ரத்தப்போக்கு கூடியதா? மார்ச் மாதம் மற்ற மாதங்களைவிட மோசமாக இருந்தது உண்மை. ஆனால் இந்த ரத்தப்போக்குக்குக் கட்டி ஒன்றே போதும், ஒரு மாதத்தை வைத்துச் சூப்பைக் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. அம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன். தன் கையால் ஊற்றிக் கொடுத்ததை நினைத்து அழுதுகொண்டிருந்தார்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு மாதவிடாயில் 80 மி.லி. ரத்தம் போனால் ஏறத்தாழ 30 முதல் 40 மி.கி. இரும்பு போகிறது. அதற்கு மேல் போவதுதான் அதிக ரத்தப்போக்கு, இவருக்கு அதைவிட நிறையவே போயிருக்கும். உலர்ந்த ரெட் டேட்ஸ் 100 கிராமில் இருப்பதே 2 மி.கி. அளவு இரும்பு, தாவர இரும்பு என்பதால் உடம்பு எடுத்துக்கொள்வது அதிலும் சிறு பங்கு. தினம் பத்து பழம் சாப்பிட்டாலும் போவதை அது ஈடுசெய்யாது. நிறம் சிவப்பு என்பதால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை நம் ஊர் பீட்ரூட்டுக்கும் உண்டு. அவர் அந்தக் காகிதத்தை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

சிகிச்சையும் சாப்பாடும் சேர்ந்து

மருத்துவர் இரும்பு மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தார், அப்படிக் கொடுத்தால் உடம்பு நன்றாக எடுத்துக்கொள்கிறது. நான்கு வாரத்தில் ஏறாவிட்டால் ஊசி வழியாக ஏற்றலாம் என்றும் சொல்லிவைத்தார். மாதவிடாய் நாட்களில் ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம். கட்டியை எடுக்க ஆகஸ்டில் நாள் குறித்தார்கள்.

சாப்பாட்டில் அட்டவணையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அந்த நோட்டும் அந்தக் கட்டங்களும் இல்லாவிட்டால் அவர் மறுபடி சாலடுக்குப் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். அதே மொழியில் உள்ளே இருந்ததை மாற்றினோம். ‘ரத்தம் நிரப்பும்’ வாரத்தில் ரெட் டேட்ஸுக்குப் பக்கத்தில் பன்றி ஈரல் வந்தது, சமைத்த ஈரல் 100 கிராமில் 18 மி.கி. அளவுக்கு இரும்பு இருக்கிறது, அதுவும் எளிதாக ஏறும் வகை. கோஜி இலை போட்ட ஈரல் சூப் கன்டனீஸ் வீடுகளில் எப்போதும் வைப்பதுதான், அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், அதனால் வாரம் ஒரு தடவைதான், கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டால் அதுவும் நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். சைவ நாட்களில் டோஃபு, கீரை, கூடவே கொய்யாப் பழம். கொய்யாவின் வைட்டமின் சி தாவர இரும்பை ஏற்றிவிடும். பூ-அர் தேநீர் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிப் போனது.

இரும்பு மாத்திரைக்கு அம்மா ஒப்பவே இல்லை. அது சூடு, மலச்சிக்கல் வருகிறது பாருங்கள் என்றார். மலச்சிக்கல் வந்தது உண்மைதான். ஆன்ட்டி, சூட்டுக்குப் பப்பாளியும் சர்க்கரைவள்ளியும் கொடுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றேன். அவர் தினமும் சர்க்கரைவள்ளிக் கஞ்சி வைத்தார்.

பிறகு நடந்தது

மாத்திரை தொடங்கிய பத்தாம் நாள் ஒரு குறுஞ்செய்தி வந்தது: இரண்டு நாளாக ஐஸ் தட்டைத் திறக்கவே இல்லை, இப்போதுதான் நினைவு வந்தது. ஹீமோகுளோபின் ஏறி முடிவதற்கு முன்பே இந்த வேட்கை அடங்கிவிடுவது வழக்கம்தான், இருந்தாலும் அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எத்தனை ராத்திரி தன்னைத் திட்டிக்கொண்டே அந்தத் தட்டை எடுத்திருப்பார்.

நான்கு வாரத்தில் 9.8. ஜூலையில் 11.9. அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே மயக்க மருத்துவர் எல்லா மூலிகைகளையும் நிறுத்தச் சொன்னார், ஏற்கெனவே நிறுத்தியிருந்ததால் சிக்கல் இல்லை. ஆகஸ்டில் கருப்பை வாய் வழியாகக் கருவி செலுத்திக் கட்டியை எடுத்தார்கள், அன்றே வீடு திரும்பினார். கட்டி சாதாரணமானது என்று முடிவு வந்தது. அதன் பிறகு மாதவிடாய் ஐந்து நாள், அதிகபட்சம் ஒரு நாளைக்கு ஐந்து நாப்கின். நவம்பரில் ஹீமோகுளோபின் 12.9, ஃபெரிட்டின் 34. சேமிப்பு இன்னும் ஏற வேண்டும் என்பதால் மாத்திரை தொடர்கிறது.

அக்டோபரிலிருந்து சின்சேயிடம் மறுபடி போகிறார். இந்த முறை அவர் நாடி பார்த்து எழுதிய கஷாயம், ஒவ்வொரு மாதமும் மாறும், அதன் பட்டியல் மருத்துவரிடமும் ஒரு நகல் இருக்கிறது. மாதவிடாயின் முதல் நாள் இஞ்சிக் கஷாயம் அப்படியே தொடர்கிறது.

இப்போது மாற்றிச் செய்வது

மாதவிடாய் பற்றிப் பேச வரும் யாரிடமும் முதல் சந்திப்பிலேயே எண்ணிக்கை கேட்கிறேன். அதிகமாகப் போகும் நாளில் எத்தனை நாப்கின், எத்தனை மணிக்கு ஒருமுறை, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி எந்த அளவு. “எனக்கு இயல்புதான்” என்ற பதிலை எழுதிக்கொண்டு நகர்வதில்லை, அம்மாவுக்கும் அப்படித்தான் என்றால் இன்னும் கவனமாகக் கேட்கிறேன். ஏழு நாளைத் தாண்டினால் உணவுத் திட்டம் தொடங்கும் முன்பே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுகிறேன்.

வலி குறைந்தது என்பதை எல்லாம் சரியாகிறது என்று எடுத்துக்கொண்டேன். வலியும் ரத்தப்போக்கும் வேறு வேறு. இஞ்சியும் ஒத்தடமும் ஒன்றைத் தொட்டன, இன்னொன்றின் பக்கமே போகவில்லை. நோட்டில் இப்போது இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி.

மூலிகைப் பொட்டலங்களைக் கொண்டுவந்து காட்டச் சொல்கிறேன், எந்த நாளில் எடுக்கிறார்கள் என்றும் கேட்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் வீட்டில் டாங் குவெய் சூப் வைத்தால் அது மருந்தோடு மோதும், இதை வயதான பெற்றோருக்காகவும் சொல்லிவிடுகிறேன்.

விலக்க வேண்டிய உணவுப் பட்டியலை யாருக்காவது கொடுத்தால், அடுத்த சந்திப்பில் கேட்கும் கேள்வியை மாற்றிக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் “விட்டுட்டீங்களா?” என்று கேட்பேன். இப்போது “இதுல எதை விட முடியல, எவ்வளவு வேணும்னு தோணுது?” என்று கேட்கிறேன். போன வாரம் ஒரு கல்லூரி மாணவி இந்தக் கேள்விக்கு, சமைக்காத பச்சை அரிசி என்று மெதுவாகச் சொன்னார். அன்றே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன்.